டப்ளினில் ஒரே ஒரு மாலை: எந்தப் பப்பைத் தேர்ந்தெடுப்பது?

வேலை நிமித்தமாகவோ, மேற்படிப்புக்கு வந்த பிள்ளையைப் பார்க்கவோ டப்ளினுக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்கள்தான் தங்குகிறார்கள். அதில் ஒரு மாலையைப் பப்புக்கென்று ஒதுக்கிவிட்டு, எங்கே போகலாம் என்று இங்கே வசிக்கும் எங்களிடம் கேட்கிறார்கள். நகரில் பப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பெயர் பெற்றவை மட்டுமே இருபது முப்பது தேறும். அவற்றுள் பல, தாங்களே மிகப் பழையவை என்றும் தங்களிடமே நல்ல கின்னஸ் (அயர்லாந்தின் கருநிற பியர்) கிடைக்கும் என்றும் சொல்லிக்கொள்கின்றன. சுற்றுலாப் பட்டியல்களில் முதலிடம் பெறும் கடைக்கும், டப்ளின்காரர் தம் நண்பரை அழைத்துப் போகும் கடைக்கும் பெரும்பாலும் தொடர்பு இருப்பதில்லை. ஆகவே ஒரே ஒரு மாலை கையிலிருப்பவர் எதை வைத்து முடிவெடுக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாக எழுதலாம் என்று நினைக்கிறேன்.

வயது, அலங்காரம், விலை ஆகியவற்றைக் காட்டிலும், உள்ளே உட்கார்ந்தால் காதில் என்ன விழும் என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும் பப், மனிதர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாத்தியம் வாசிக்கும் பப், பேச்சுச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காத பப் என்று மூன்று வகை இங்கே உண்டு. மாலை எப்படிக் கழியும் என்பதைத் தீர்மானிப்பது இந்த வேறுபாடுதான். பார் என்றதும் தமிழ்நாட்டு வாசகர் மனத்தில் எழக்கூடிய டாஸ்மாக் பாரின் அவசரம் இங்கே பொருந்தாது. ஒரு பைன்ட்டை (அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஒரு குவளை பியர்) வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். மது அருந்தாதவர்களும் தயங்க வேண்டியதில்லை. ஆல்கஹால் இல்லாத கின்னஸ் இப்போது பல பப்புகளில் கிடைக்கிறது, பகல் நேரத்தில் தேநீர் கேட்டாலும் பல இடங்களில் தருவார்கள். பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பெற்றோருடன் இரவு 9 மணி வரையிலும், மே முதல் செப்டம்பர் வரையுள்ள மாதங்களில் 10 மணி வரையிலும் இருக்கலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. இருந்தாலும் குழந்தைகளை ஏற்பதும் மறுப்பதும் கடைக்காரர் விருப்பம் என்பதால் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

முதலில் எல்லோரும் போக நினைக்கும் டெம்பிள் பார். லிஃபி ஆற்றின் தென்கரையில் கல் பாவிய சின்னச் சின்னத் தெருக்கள் கொண்ட ஒரு வட்டாரத்துக்கே இந்தப் பெயர். அதே பெயரில் சிவப்பு முகப்புடன் புகழ்பெற்ற பப் ஒன்றும் அங்கே இருக்கிறது. பகலிலேயே இசை தொடங்கிவிடும். ஒலிபெருக்கி உண்டு, கிட்டார் உண்டு, உலகமெங்கும் தெரிந்த பாடல்களை எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். இருபத்தைந்து வயதில் நண்பர்கள் கூட்டமாக வந்து, நின்றுகொண்டே குடித்து, சத்தமாகப் பாடி மகிழ நினைப்பவர்களுக்கு இது தவறான தேர்வல்ல. ஆனால் நகரின் மற்ற பகுதிகளில் ஆறேழு யூரோவுக்குக் கிடைக்கும் பைன்ட் இங்கே ஒன்பது பத்து யூரோவைத் தொடும். பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டுமானால் காதருகே குனிய வேண்டும். மாலை வெளிச்சத்தில் அந்தத் தெருக்களை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, உட்காருவதை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

அந்த வேறிடம் அதே வட்டாரத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. ஃபிளீட் தெருவிலுள்ள பேலஸ் பார் 1823-இல் தொடங்கப்பட்டது. 1934 முதல் 1954 வரை ஐரிஷ் டைம்ஸ் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த ஆர்.எம். ஸ்மிலி, பின்னறையில் எழுத்தாளர்களைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு பத்திரிகைக்கு எழுதுவோரைத் தேடிப் பிடித்தது இங்கேதான். பேட்ரிக் கவனா, ஃபிளான் ஓ’பிரையன் ஆகியோர் இங்கே வந்துபோனவர்கள். முன்புறத்துக் கவுன்ட்டர் ஒடுங்கியது, அலமாரிகளில் விஸ்கி புட்டிகள் நெருங்கி நிற்கும். பின்னறைக்கு மேலே வண்ணக் கண்ணாடிக் கூரை வழியாகப் பகல் வெளிச்சம் இறங்கும். வெளியே தெருவில் நிரம்பி வழியும் கூட்டத்தைக் கடந்து இந்தக் கதவைத் தள்ளி உள்ளே வந்தவுடன் சத்தம் சட்டென்று இறங்குவதை யாரும் உணரலாம். டெம்பிள் பாரைப் பார்த்தே தீருவேன் என்பவர்களுக்கு நான் சொல்லும் சமரசம் இந்தப் பேலஸ்தான்.

இதே வகையைச் சேர்ந்தவை நகர மையத்தின் விக்டோரிய காலப் பப்புகள். டேம் கோர்ட் என்ற சந்துக்குள் ஒளிந்திருக்கும் ஸ்டேக்ஸ் ஹெட் 1895-இல் இன்றுள்ள வடிவில் கட்டப்பட்டது. டேம் தெரு நடைபாதையில் பதித்திருக்கும் மொசைக் ஓவியம் அதற்கு வழி காட்டும். உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், கவுன்ட்டருக்கு மேலே சுவரில் பெயருக்கேற்ற மான் தலை. சவுத் கிரேட் ஜார்ஜஸ் தெருவிலுள்ள லாங் ஹால் இதைவிடவும் பகட்டானது. செதுக்கு வேலைப்பாடுள்ள மரம், வரிசையாகக் கண்ணாடிகள், பழைய கடிகாரம், சிவந்த ஒளி. கட்டட அழகு முக்கியம், புகைப்படம் எடுக்க வேண்டும் என்பவர்கள் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சரி. என்னைக் கேட்டால் லாங் ஹாலையே சொல்வேன், ஆனால் நேரத்தைக் கவனிக்க வேண்டும். வார நாளில் பிற்பகல் மூன்று நான்கு மணிக்குப் போனால் அந்த மரவேலையையும் கண்ணாடிகளையும் நிதானமாகப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் போனால் முதுகுகளைத்தான் பார்க்க முடியும்.

பூல்பெக் தெருவின் மல்லிகன்ஸ் வேறு ரகம். 1782-இல் தொடங்கி 1854 முதல் இதே இடத்தில் இருக்கும் இந்தக் கடையில் அலங்காரம் என்று சொல்ல அதிகமில்லை. நாற்பது ஐம்பது ஆண்டுகளாகத் தேய்ந்த மேசைகள், மங்கிய சுவர்கள், அரைத் தூக்கத்தில் இருப்பது போன்ற பிற்பகல்கள். இங்கே வந்துபோன ஓர் அமெரிக்க வாடிக்கையாளரின் அஸ்தி அவர் விருப்பப்படியே கடையின் உயரமான கடிகாரத்துக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. கின்னஸின் தரத்துக்கு டப்ளின்காரர்கள் சொல்லும் பெயர்களில் மல்லிகன்ஸ் எப்போதும் இருக்கும்.

கின்னஸைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலருடைய முடிவு அதைச் சுற்றியே அமைகிறது. ஆர்தர் கின்னஸ் 1759-இன் இறுதியில் செயின்ட் ஜேம்ஸ் கேட்டிலிருந்த மதுவாலையை ஆண்டுக்கு 45 பவுன் வாடகையில் 9,000 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். அங்கே 2000-இல் திறக்கப்பட்ட கின்னஸ் ஸ்டோர்ஹவுஸ் ஏழு தளங்கள் கொண்ட காட்சியகம். உச்சியிலுள்ள கண்ணாடி அறையிலிருந்து நகரம் முழுவதும் தெரியும். அதைப் பகலில் பார்க்கலாம், ஆனால் அதைப் பார்த்ததைப் பப்புக்குப் போனதாகக் கணக்கில் வைக்க முடியாது. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நகரும் இடத்தில், பக்கத்திலிருக்கும் முதியவர் வானிலையைப் பற்றிப் பேச்சுக் கொடுக்க மாட்டார்.

நல்ல பப்பில் கின்னஸ் ஊற்றப்படுவதைக் கவுன்ட்டரருகே நின்று கவனியுங்கள். கண்ணாடிக் குவளையைச் சாய்த்துப் பிடித்து முக்கால் பங்கு வரை ஊற்றிவிட்டு, அப்படியே கவுன்ட்டரில் வைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவார்கள். குவளைக்குள் பழுப்பு நிற நுரை ஓரங்களில் கீழ்நோக்கி வழிவது போலத் தெரியும். உண்மையில் நைட்ரஜன் குமிழிகள் நடுவில் மேலேறி ஓரத்தில் திரவத்தைக் கீழே இழுப்பதால் அப்படித் தெரிகிறது. மெல்ல மெல்லக் கீழே கருமையும் மேலே வெண்மையும் பிரியும். அதன் பிறகே மீதியை நிரப்பித் தருவார்கள். முழுவதற்கும் இரண்டு நிமிடம் பிடிக்கும். முக்கால் குவளையைப் பார்த்துவிட்டுத் தமக்குத் தரப்பட்டதென்று எடுத்துக்கொள்வது புதியவர்கள் பலர் செய்யும் தவறு. சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு செய்தி: பியரைத் தெளியவைக்க முன்பு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்தினார்கள், அதைக் கைவிடுவதாக 2015-இல் நிறுவனம் அறிவித்து, அடுத்த சில ஆண்டுகளில் முழுவதுமாக நிறுத்திவிட்டது.

பழைய பப்புகளில் ஸ்னக் என்ற சிறு அறையையும் தேடிப் பாருங்கள். நான்கைந்து பேர் உட்காரக்கூடிய மரத் தடுப்பறை, தனிக் கதவு, கவுன்ட்டரை நோக்கிக் குவளை நீட்டுமளவு ஒரு சாளரம், அவ்வளவுதான். பெண்கள் வெளியறையில் உட்கார்ந்து குடிப்பதை ஊர் ஏற்காத காலத்தில் அவர்கள் இதற்குள்ளிருந்துதான் வாங்கிக் குடித்தார்கள். காவலரும் பாதிரியாரும்கூட இதற்குள் மறைந்து வந்ததாகச் சொல்வார்கள். பெண்களுக்கு முழு பைன்ட் தர மறுத்த கடைகள் 1970-களிலும் இருந்தன. சவுத் ஆன் தெருவின் கிஹோஸ், பேகட் தெருவின் டோனர்ஸ் இரண்டிலும் ஸ்னக் அப்படியே இருக்கிறது. மனைவியோடு வருகிறவர்களுக்கும், பெண்கள் மட்டுமாகச் சேர்ந்து வருகிறவர்களுக்கும் நான் முதலில் சொல்வது, மாலை ஐந்து மணிக்கு முன்பே போய் ஸ்னக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதே. ஒரு காலத்தில் மறைப்பதற்காகக் கட்டிய அறை இன்று கடையிலேயே எல்லோரும் ஆசைப்படும் இடமாகிவிட்டது.

பழமையே வேண்டும் என்பவர்கள் பிரேசன் ஹெட் பெயரைச் சொல்வார்கள். 1198 என்று பலகையில் எழுதியிருப்பது அந்த இடத்தில் ஏதோ ஒரு சத்திரம் இருந்ததைக் குறிக்கும் மரபுக் கதை. இன்று நாம் பார்க்கும் கட்டடம் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முற்றம் அழகானது, சாப்பாடும் கிடைக்கும், ஆனால் அந்த ஆண்டை நம்பி மட்டும் ஒரு மாலையைச் செலவழிக்க வேண்டாம்.

இசைக்காக வருகிறவர்கள் முன்னிருக்கும் தேர்வு உண்மையில் இரண்டுதான். மெரியன் ரோவிலுள்ள ஓ’டோனஹூஸ் வரலாற்றுப் புகழ் கொண்டது. 1962-இல் உருவான ‘தி டப்ளினர்ஸ்’ என்ற நாட்டார் இசைக் குழு வளர்ந்த இடம், சுவரெல்லாம் அவர்கள் படங்கள். செயின்ட் ஸ்டீஃபன்ஸ் கிரீன் பூங்காவுக்கு அருகில் இருப்பதால் போய்ச் சேருவதும் எளிது. ஸ்மித்ஃபீல்டின் காபில்ஸ்டோன் ஆற்றுக்கு வடக்கே இருக்கிறது. சிவப்புத் தடத்து லுவாஸ் டிராமில் ஸ்மித்ஃபீல்ட் நிறுத்தத்தில் இறங்கிச் சதுக்கத்தின் மறுமுனைக்கு நடக்க வேண்டும். வெளியே பார்த்தால் கவர்ச்சி எதுவும் இல்லை. ஆனால் இரண்டில் ஒன்று என்றால் நான் தயங்காமல் காபில்ஸ்டோனையே சொல்வேன்.

காரணம், அங்கே முன்னறையில் மேடை இல்லை. வாசலுக்கருகே ஒரு மூலையில் வாத்தியக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஃபிடில், புல்லாங்குழல், தகரக் குழல், கான்செர்டினா, சில நாட்களில் கையிடுக்கில் துருத்தியை அழுத்தி வாசிக்கும் இல்லன் பைப்ஸ். இந்தக் கடைசி வாத்தியத்தின் வாசிப்பு மரபை யுனெஸ்கோ 2017-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்வார்கள், இரண்டு மூன்று முறை சுற்றி வந்ததும் சிறு தலையசைப்பில் அடுத்த மெட்டுக்கு மாறிவிடுவார்கள். தாளும் இல்லை, அறிவிப்பும் இல்லை. அவர்கள் நமக்காக வாசிக்கவில்லை. தங்களுக்குள் வாசித்துக்கொள்கிறார்கள், நாம் பக்கத்தில் இருக்க அனுமதிக்கப்படுகிறோம். கச்சேரி முடிந்த பிறகு வித்வான்கள் வீட்டில் உட்கார்ந்து தங்களுக்குள் வாசிப்பதைக் கேட்கும் பேறு பெற்றவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும்.

ஆகவே சில ஒழுங்குகள் உண்டு. காலியாக இருந்தாலும் அந்த மூலை இருக்கைகளில் உட்காரக் கூடாது. அருகில் நின்று உரக்கப் பேசக் கூடாது. தாளம் போட்டுக் கை தட்டினால் வாசிப்பவர் கவனம் கலையும். கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டிப் படமெடுப்பது மிகவும் தவறு. பாடகர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு துணை வாத்தியமின்றிப் பாடத் தொடங்கினால் கடை முழுவதும் அமைதியாகிவிடும். கவுன்ட்டரில் இருப்பவர்கூடக் குவளையைச் சத்தமின்றி வைப்பார். 2021-இல் இந்தக் கடையைச் சுற்றி ஒன்பது தள விடுதி கட்ட விண்ணப்பம் வந்தபோது, வாத்தியக்காரர்களும் ஊர்க்காரர்களும் தெருவில் ஊர்வலம் போனார்கள். அந்த நவம்பரில் மாநகராட்சி அனுமதி மறுத்தது. ஒரு பப்புக்காக மக்கள் தெருவில் இறங்குவது எதற்காக என்று அங்கே ஓர் இரவு உட்கார்ந்தவர் கேட்க மாட்டார்.

இத்தனையும் சொல்லிவிட்டு, ஒரே ஒரு மாலைதான் உண்டு என்பவருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இவற்றுள் எதுவும் அல்ல. நகர மையத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டரில் கிளாஸ்நெவின் என்ற அமைதியான குடியிருப்புப் பகுதியில், கல்லறைத் தோட்டத்தின் பழைய வாசலையொட்டி இருக்கிறது ஜான் கவனாவின் கடை. 1833 முதல் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ‘கிரேவ்டிக்கர்ஸ்’, அதாவது குழிவெட்டிகள் என்றே சொல்வார்கள். வேலைக்கு நடுவே தாகமெடுத்த குழிவெட்டிகள் மண்வெட்டியால் சுவரைத் தட்டினால் உள்ளிருந்து குவளையை வெளியே நீட்டுவார்கள் என்பது பரம்பரையாகச் சொல்லப்படும் கதை.

ஊசலாடும் இரட்டைக் கதவைத் தள்ளிக்கொண்டு பழைய அறைக்குள் நுழைந்தால், பலகைத் தரை காலடியில் ஓசையெழுப்பும். இடையிடையே குட்டையான மரத் தடுப்புகள், முதுகு சாயாத பெஞ்சுகள், கருத்துப்போன கவுன்ட்டர். தொலைக்காட்சி இல்லை. இசை இல்லை. பாடவும் அனுமதியில்லை. அப்படியானால் என்னதான் செய்வார்கள் என்று கேட்டால், பேசுவார்கள். அறையெங்கும் ஒரே சீரான பேச்சு முணுமுணுப்பு. யாரும் குரலை உயர்த்தத் தேவையில்லாததால் நம் மேசையில் தமிழில் பேசுவதும் தெளிவாகக் கேட்கும். தனியாக வந்த ஒருவரை இங்கே வெகுநேரம் தனியாக விட மாட்டார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று தொடங்கி, யாரைப் பார்க்க வந்தீர்கள், மழை எப்படி என்று போய், பக்கத்துக் கல்லறையில் கிடக்கும் தம் பாட்டனைப் பற்றிச் சொல்லி முடிப்பார்கள். பக்கத்து வாசல் வழியாகப் போனால் சாதாரணக் கூடம் ஒன்று இருக்கிறது. தவறி அங்கே உட்கார்ந்துவிடாமல் பழைய அறையையே கேட்டுப் போங்கள். பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைத்த ‘கோடில்’ என்ற டப்ளின் உணவுக்கு இக்கடை பெயர் பெற்றது; இறைச்சி உண்ணாதவர்கள் சாப்பாட்டை வேறிடத்தில் முடித்துக்கொள்வது வசதி.

தொலைவுதான் இதற்கு எதிராகச் சொல்லப்படுவது. அந்தத் தொலைவையே நான் இதற்குச் சாதகமாக எண்ணுகிறேன். பிற்பகலிலேயே கிளம்பினால், 1795-இல் நிறுவப்பட்ட தேசியத் தாவரவியல் பூங்காவின் கண்ணாடி மாளிகைகளை முதலில் பார்க்கலாம். அங்கிருந்து பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம். கத்தோலிக்கர்களுக்குத் தம் சடங்குகளோடு அடக்கம் செய்ய இடமில்லாதிருந்த நிலையை மாற்றுவதற்காக டேனியல் ஓ’கானல் முயற்சியில் 1832-இல் திறக்கப்பட்ட இத்தோட்டத்தில், மதப் பாகுபாடின்றி எல்லோருக்கும் இடம் தந்தார்கள். பதினைந்து லட்சம் பேர் இங்கே உறங்குகிறார்கள். ஓ’கானல், பார்னல், மைக்கேல் காலின்ஸ், டி வலேரா என்று அயர்லாந்தின் விடுதலை வரலாறு முழுவதும் ஒரு மணி நேர நடையில் அடங்கிவிடுகிறது. அதன் பிறகு அந்தக் கடைக்குள் போய் உட்காரும்போது, பேசுவதற்கு ஏதாவது இருக்கும்.

மழை கொட்டுகிறது, முதியோர் உடன் இருக்கிறார்கள், மையத்தை விட்டுப் போக முடியாது என்றால், பிற்பகல் நான்கு மணிக்குப் பேலஸின் பின்னறையையோ கிஹோஸின் ஸ்னக்கையோ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மாலை கிடைத்தால் அது காபில்ஸ்டோனுக்கு உரியது. இரண்டையும் ஒரே இரவில் முடித்துவிடலாமே என்று திட்டமிடுகிறவர்களை மட்டும் நான் வற்புறுத்தித் தடுப்பேன். ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் தலைகாட்டிவிட்டுப் போகிறவருக்கு, கிளாஸ்நெவினில் பேச்சு தொடங்கும் முன்பும் காபில்ஸ்டோனில் பாட்டு தொடங்கும் முன்பும் எழுந்திருக்க நேரும்.

எங்கே போனாலும் மேசைக்கு வந்து கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். கவுன்ட்டரில் சொல்லி, அங்கேயே காசைக் கொடுத்து வாங்கிவர வேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவர் உங்களுக்கும் சேர்த்து ஒரு சுற்று வாங்கினால், அடுத்த சுற்று உங்களுடையது. குடிக்காதவராக இருந்தாலும் வாங்கித் தருவது மரபு. 2004 மார்ச் முதல் உள்ளே புகைபிடிக்கத் தடை இருக்கிறது. புனித வெள்ளியன்று மது விற்பதற்கு இருந்த தடை 2018-இல் நீங்கிவிட்டது, ஆனால் டிசம்பர் 25 அன்று எல்லாப் பப்புகளும் சட்டப்படி மூடியிருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வருகிறவர்கள் தங்கள் மாலையை அந்த நாளுக்கு முன்பாகவோ பிறகோ வைத்துக்கொள்ள வேண்டும்.